காரணம்: கண்ணாடி கொடுக்க

மரியஜோசப் அண்ணன் பேப்பர் படிக்கும்போது அவர் கை நீண்டுகொண்டே போவதை நான் மாடிப்படியில் இறங்கும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். முதலில் முழங்கை மடங்கித்தான் இருந்தது. ஆடி வாக்கில் கை முழுசாக நீண்டுவிட்டது. ஐப்பசியில் அதுவும் பத்தாமல், தண்ணீர் குடித்த கோழி கழுத்தை நிமிர்த்துகிற மாதிரி தலையைப் பின்னால் சாய்த்துத் தலைப்பை மட்டும் பார்ப்பார். பிறகு பேப்பரை மடித்து மகளிடம் கொடுத்துவிடுவார்.

"ஷாலினு, இன்னா போட்ருக்கான், படி."

"இவ்ளோ நேரம் உங்க கைலதானப்பா இருந்துச்சு?"

"நா தலைப்பு பாத்துட்டேன். உள்ள கீறத நீ படி. காலேஜ் போற பொண்ணு வாயத் தொறந்து படிச்சா உனக்குதான் நல்லது."

அவர்கள் வீட்டு மொட்டைமாடியில் ஷீட் போட்ட ஒற்றை அறை என்னுடையது. கோவில்பட்டிப் பக்கமிருந்து வேலைக்கு வந்தவன். ஒரகடம் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற ஊர். ஒரு பக்கம் ஏரி, மற்ற பக்கமெல்லாம் கம்பெனி மதில். அக்கம்பக்கத்து அறைகளில் எல்லாம் தெக்கத்திப் பையன்கள். ஷிஃப்ட் பஸ் வந்து ஏற்றிப் போகும், இறக்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை யார் முகத்தையும் பார்க்காமலே போய்விடும். அண்ணன் சம்சாரம் அன்னபுஷ்பம் அக்கா கீழேயிருந்து "மாரி, கொயம்பு எடுத்துக்கினு போ" என்று கூப்பிடுகிற குரல்தான் எனக்கு அந்த ஊர்.

அண்ணனும் நானும் ஒரே கம்பெனி. கார் கதவுக்குக் கீல் செய்து முலாம் பூசி அனுப்புவார்கள். நான் ஸ்டோர்ஸ். அண்ணன் பின்மதில் ஓரம் இருக்கும் ஈ.டி.பி.யில் ஆபரேட்டர். முலாம் தொட்டிகளின் கழிவுத் தண்ணீரைச் சுத்தம் பண்ணுகிற இடம். அங்கே ஒரு மேடையில் இரண்டு கறுப்பு டேங்குகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒன்றில் ஆசிட். இன்னொன்றில் ஹைப்போ, குளோரின் நெடி அடிக்கும் திரவம். ஷிஃப்டுக்கு ஒருமுறை கேனைத் தூக்கி ஊற்றி இரண்டையும் நிரப்ப வேண்டும். ஆசிட் நீலக் கேனில் வரும், ஹைப்போ வெள்ளைக் கேனில் வரும். இரண்டும் ஒரே டேங்கில் விழுந்தால் பச்சையும் மஞ்சளுமாகப் புகை கிளம்பும், பக்கத்தில் நிற்பவனுக்கு மூச்சு திரும்பாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே எங்களுக்கெல்லாம் படம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள்.

புரட்டாசி முடிந்த கையோடு மழை பிடித்துக்கொண்டது. ஏரி மீன் வரத்து அதிகம். அக்கா ஜிலேபி மீன் குழம்பு வைத்த ஒரு சாயங்காலம் நானும் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். அண்ணன் சோற்றையும் குழம்பையும் பிசைந்து தின்றுகொண்டிருந்தார். மீன் தட்டின் ஓரத்தில் அப்படியே இருந்தது.

"மீனுக்கு இன்னாவாம்? கோவமா உங்க மேல?" என்றார் அக்கா.

"வயிறு சரியில்ல."

"நேத்து மாரி குடுத்த சேவுல பாதிய துன்னது எந்த வயிறு?"

"நீ முள்ளு எடுத்து வெய்யி, துன்றேன்."

"கட்டிக்கின புதுசுல எனக்கு முள்ளு எடுத்து வெச்ச மனுசன். இப்ப கொயந்தை ஆயிட்டாரு." சொல்லிக்கொண்டே அக்கா மீனைத் தன் தட்டுக்கு இழுத்து முள் எடுத்தார். "எதுக்கு இந்த பேஜாரு? ஒரு கண்ணாடி வாங்கி மாட்டுங்களேன். சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேசன் வாசல்ல கூடைல கொட்டி விக்கிறான். போட்டுப் பாத்து எடுத்துக்கினு வர வேண்டியதுதான்."

"எனக்கு எதுக்குக் கண்ணாடி? தோ, மதில் மேல காக்கா குந்திக்கினு கீது. வாயில இன்னா வெச்சிகீதுன்னு சொல்லட்டா?"

"காக்கா வாயில கீறது தெரியுது. தட்டுல கீற முள்ளு தெரியல."

ஷாலின் சிரித்தாள். அண்ணனும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"மாரி, நீயே சொல்லு. திருமலை கண்ணாடி போட்டான். இன்னா ஆச்சு?"

எனக்குத் தெரியும். பாய்லரில் இருந்த திருமலை கண்ணாடி போட்டுக்கொண்டு வந்த வருஷம், மெடிக்கலில் அன்ஃபிட் என்று எழுதிவிட்டார்கள். புல் வெட்டுகிற கான்ட்ராக்டில் தள்ளினார்கள். அங்கே இரண்டு மாசம் இருந்துவிட்டு ஊரைப் பார்க்கப் போய்விட்டார். உண்மையில் அவருக்குச் சர்க்கரை முற்றிக் காலில் புண் ஆறாமல் இருந்தது. ஆனால் கம்பெனியில் எல்லோர் கண்ணிலும் பட்டது கண்ணாடிதான்.

"திருமலையண்ணனுக்கு சுகருண்ணே," என்றேன்.

"சுகரு யாருக்கு இல்ல? மேனேஜருக்கே கீது. கண்ணாடி போட்டான், வயசாச்சுன்னு தெரிஞ்சிபோச்சு, தூக்கிட்டான். தை மாசம் எனக்கு மெடிக்கலு. அது தாண்டட்டும்."

"போன வருசம் எப்படிண்ணே தாண்டுனீங்க?"

"முன்னாடி நின்ன பசங்க கைல குடுத்த அட்டையப் பாத்து சத்தமா படிச்சிக்கினே போனானுங்க. என் முறை வந்துச்சு, நானும் படிச்சேன்." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு அந்த அட்டையில் இருந்த வரிகளை அப்படியே சொன்னார், ஒரு எழுத்து பிசகாமல். "காது நல்லா இருந்தா போதும்டா தம்பி."

அக்கா முள் எடுத்த மீனை அவர் தட்டில் வைத்தார்.

அந்தக் காது கோயிலிலும் அவருக்கு உதவியது. அந்த ஊர் மாதா கோயிலில் பெரிய திருநாள் என்றால் பைபிள் வாசகம் படிப்பது அண்ணன்தான். அவர் குரலுக்கு மைக் தேவையில்லை. படிக்கும்போது கைக்குழந்தைகள்கூடச் சும்மா இருக்கும் என்று அக்கா பெருமையாகச் சொல்வார். முன்பெல்லாம் வாசகத்தை வீட்டில் ஒருதரம் பார்த்துக்கொண்டு போவாராம். இந்த ஒரு வருஷமாக முதல்நாள் சாயங்காலம் ஷாலினைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருப்பது என் அறைவரை கேட்கும். "இன்னொரு தபா." "அந்த வரிய மட்டும்." "இப்ப நா சொல்றேன், நீ புக்கப் பாரு." மறுநாள் கோயிலில் பெரிய புத்தகத்தைத் திறந்து விரலால் வரியைத் தொட்டுக்கொண்டு கணீரென்று சொல்வாராம். விரல் சரியான வரியில்தான் இருக்கிறதா என்று யார் பார்த்தார்கள்?

இந்த வருஷம் கல்லறைத் திருநாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. நான் கோயிலுக்குப் போகிற ஆளில்லை. அக்காதான் கூப்பிட்டார். "தனியா ரூம்ல குந்திக்கினு இன்னா செய்யப் போற? வா, மெயுவத்தி ஏத்தலாம்." கல்லறைத் தோட்டம் ஏரிக்கரையை ஒட்டி இருக்கிறது. சனிக்கிழமையே புல் செதுக்கி, கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். இரவு பெய்த மழையில் சுண்ணாம்பு வழிந்து வழியெல்லாம் பால் கொட்டின மாதிரி கிடந்தது. சாமந்திப்பூ, ஊதுவத்தி, ஈரத் திரியில் நிற்காமல் அணைகிற மெழுகுவத்தி. செம்பரம்பாக்கத்தில் தண்ணீர் திறக்கப்போகிறார்களாம் என்று பின்னால் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

தோட்டத்திலேயே பூசை. புதிதாக வந்த ஃபாதர், கூட்டம் பின்தொடர வசதியாக வாசகங்களை அச்சடித்துத் தாளாகக் கொடுத்திருந்தார். என் கையிலும் ஒன்று இருந்தது. அண்ணன் மேசைக்குப் போய்ப் புத்தகத்தைத் திறந்தார். நாடா வைத்திருந்த பக்கத்தில் விரலை வைத்தார்.

அச்சடித்த தாளில், துன்பப்பட்ட ஒருவன் தன் வார்த்தைகளை யாராவது கல்லில் வெட்டி வைக்க மாட்டார்களா என்று கேட்கிற வாசகம் இருந்தது. அண்ணன் குரலில் வந்தது வேறு. மலைமேல் எல்லா ஜனங்களுக்கும் விருந்து வைக்கப்படுகிற வாசகம். அந்த நாளுக்குப் பல வாசகங்கள் உண்டு, எது வேண்டுமானாலும் படிக்கலாம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஷாலின் அவற்றில் முதலில் இருந்ததைப் படித்துக் காட்டியிருக்கிறாள். ஃபாதர் வேறொன்றைத் தேர்ந்தெடுத்து நாடா வைத்திருக்கிறார்.

முதலில் முன்வரிசையில் ஒரு அம்மா தாளைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் இருந்தவள். தாள்கள் சலசலக்கிற சத்தம் பின்னால்வரை போனது. அண்ணன் தலை நிமிராமல், விரலை ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே, அந்தப் பக்கத்தில் இல்லாத விருந்தை அத்தனை அழகாகச் சொல்லி முடித்தார். சனம் வழக்கம்போல இறைவனுக்கு நன்றி சொன்னது. ஷாலின் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். அக்கா அசையவில்லை. கையில் இருந்த மெழுகுவத்தி உருகி விரலில் வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

பூசை முடிந்ததும் ஃபாதர் அண்ணன் தோளில் கை வைத்தார். "நல்ல வாசகம்தான் ஜோசப். அது வேற பக்கத்துல கீது, அவ்ளோதான்."

அண்ணன் சிரிக்கப் பார்த்தார். "பக்கம் புரண்டுடுச்சு ஃபாதர். காத்து."

காற்றே இல்லை.

அன்று அண்ணனுக்கு செகண்ட் ஷிஃப்ட், ஓ.டி. சாப்பாட்டை டப்பாவில் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். எனக்கு லீவு. மழை தூறிக்கொண்டிருந்தது. கொடியில் கிடந்த துணியை எடுத்துக்கொண்டு நான் கீழே இறங்கியபோது அக்கா பாத்திரம் தேய்க்காமல் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"மாரி, ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லு."

"சொல்லுங்கக்கா."

"அவரு படிக்கவே இல்ல. பாத்தியா? ஒரு எயுத்து படிக்கல. படிச்சிருந்தா அந்த வாசகம் வராது. எல்லாம் ஒப்பிச்சிருக்காரு."

"ஆமாக்கா."

"எத்தினி நாளா ஒப்பிக்கிறாரு, எனக்கே தெரியல. மீனுக்கு முள்ளு எடுக்கச் சொன்னாரு, கொஞ்சறாருன்னு நெனச்சேன்." கையில் இருந்த தேங்காய் நாரைக் கீழே போட்டார். "சாமி முன்னாடியே படிக்காம படிச்ச மாதிரி நின்னாருன்னா, அங்க கம்பெனில இன்னா செய்றாரு? அங்க படிக்கிற வேலை இன்னா கீது?"

"அங்க பெருசா ஒண்ணும் இல்லக்கா. மீட்டரெல்லாம் பெரிய நம்பரு. கேனு மட்டுந்தான். அதுக்கும் கலரு இருக்கு. நீலம் ஆசிட், வெள்ளை..."

அங்கேயே நின்றுவிட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் புது சப்ளையரிடமிருந்து லோடு வந்திருந்தது. நானும் இன்னும் இரண்டு பேரும்தான் இறக்கினோம். இந்த சப்ளையர் ஆசிட்டை வெள்ளைக் கேனில் அனுப்பியிருந்தார், ஹைப்போவை நீலக் கேனில். இதென்ன மாற்றி இருக்கிறதே என்று ஒருத்தன் கேட்டான். லேபிள் ஒட்டியிருக்கே, படிச்சா தெரிஞ்சிட்டுப் போகுது என்று இன்சார்ஜ் சொன்னார். லேபிள் சரியாகத்தான் இருந்தது. மாத்திரை அட்டையில் இருக்குமே, அந்த அளவு எழுத்தில்.

அக்காவிடம் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அவர் எழுந்து உள்ளே போய், அரிசி டப்பா மேல் வைத்திருந்த ஒரு நீளப் பெட்டியை எடுத்து வந்தார். "போன வாரம் ஷாலின் ஸ்டேசன்ல வாங்கியாந்தா. குடுத்தா கோச்சிக்குவாருன்னு வெச்சிருந்தேன். வண்டி எடு."

வண்டி எடுக்குமுன் கேட்டுக்கு போன் அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அண்ணன் போன் கேட் லாக்கரில் இருக்கும், உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். ரோடு முழுக்கத் தண்ணீர். கன்டெய்னர் லாரிகள் வாரி அடித்துவிட்டுப் போயின. அக்கா ஒரு கையால் என் தோளையும் மறு கையால் பெட்டியையும் பிடித்துக்கொண்டு வந்தார். "மூக்குல தெரியாதா மாரி? நெடி அடிக்குமே?" என்று ஒருமுறை கேட்டார். ஈ.டி.பி.யில் இத்தனை வருஷம் இருந்தவருக்கு மல்லிகைப்பூ வாசமே தெரிவதில்லை என்பது என்னைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

கேட்டில் ஆறுமுகநயினார் இருந்தார். அம்பாசமுத்திரத்துக்காரர், பெரியவர்.

"என்னவே, லீவுலயும் கம்பெனிய விட்டு இருக்க முடியலயோ?"

"ஈ.டி.பி.க்கு இன்டர்காம் போடுங்க அண்ணாச்சி."

"அது மழை விழுந்த அன்னிக்கே செத்துப்போச்சே. என்ன விசயம்? இது யாரு?"

"மரியஜோசப் அண்ணன் வீட்டுக்காரம்மா. நான் உள்ள போய்ட்டு வாரேன்."

"நீ போ. அவுங்களுக்கு சீட்டு போடணும்." அவர் பேனாவை எடுத்தார். "காரணம் என்னன்னு போட, தாயி?"

"கண்ணாடி குடுக்க," என்றார் அக்கா.

நான் ஓடினேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் பிரஸ் ஷாப் நின்றிருந்தது. முலாம் லைன் மட்டும் ஓடும் சத்தம். பின்மதில் பக்கம் திரும்பியதும் மேடை தெரிந்தது. அண்ணன் மேல் படியில் நின்றிருந்தார். மாஸ்க் தாடையில் தொங்கியது. ஒரு நீலக் கேன் காலியாக மேடைமேல் கிடந்தது. இன்னொரு நீலக் கேனை மூடி திறந்து தொடைமேல் சாய்த்து, ஆசிட் டேங்கின் வாய்க்கு உயர்த்திக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஊத்தாதீங்க. அப்படியே கீழ வைங்க."

அவர் நின்றார். "இன்னாடா?"

"கீழ வைங்கண்ணே."

கேனை மேடையில் இறக்கினார். நான் ஏறிப்போய் அந்தக் காலிக் கேனைத் திருப்பிப் பார்த்தேன். பழைய சப்ளையர். ஆசிட். பழைய ஸ்டாக்கில் மிச்சமிருந்த கடைசிக் கேன். அண்ணன் காலடியில் இருந்தது புதுசு.

"அது என்னன்னு படிங்கண்ணே."

"நீலம். ஆசிட்டு."

"லேபிளைப் படிங்க."

அவர் குனிந்தார். கேனைத் தள்ளி வைத்தார். இன்னும் கொஞ்சம் தள்ளினார். தலை பின்னால் போனது. மழைத்தண்ணீர் ஷீட்டிலிருந்து அவர் முதுகில் சொட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் கேனின் பக்கம் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"நீ படி," என்றார்.

"ஹைப்போ."

அவர் மேடைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். இரண்டு டேங்குகளும் எங்கள் இரண்டு பக்கமும் நின்றன. டேங்க் வாய் திறந்தே இருந்தது. நான் போய் மூடினேன். பிறகு தண்ணீர்க் குழாய்ப் பக்கம் கிடந்த சாக்பீஸை எடுத்து, புது நீலக் கேன்கள் எல்லாவற்றிலும் பெரிசாக ஹைப்போ என்று எழுத ஆரம்பித்தேன். மூன்றாவது கேனுக்கு வந்தபோது, முதல் கேனில் எழுதியதை அவர் ஈரக் கையால் அழித்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே பண்ணுதீங்க?"

"யாரு எயுதுனதுன்னு கேப்பான். யாருக்காக எயுதுனதுன்னு கேப்பான். வாணாம்." இரண்டாவதையும் அழித்தார். "இப்பதான் தெரிஞ்சிடுச்சில்ல. இனிமே நீலம் ஹைப்போ, வெள்ளை ஆசிட்டு. ஞாபகம் வெச்சிப்பேன்."

"அடுத்த லோடு எந்தக் கலர்ல வரும்னு யாருக்குண்ணே தெரியும்?"

"மெடிக்கலு தாண்டட்டும்டா. தை மாசம் வரைக்கும் யாரான்ட சொல்லாத. முக்கியமா உங்கக்காவான்ட."

"அக்கா கேட்டுல நிக்கிது."

அவர் கையில் சாக்பீஸ் தண்ணீர் பாலாக வழிந்தது. காலையில் கல்லறைத் தோட்டத்து வழியில் பார்த்த அதே நிறம். அதைச் சட்டையில் துடைத்துக்கொண்டு என்னோடு நடந்தார்.

அக்கா கேட்டுக் கம்பிக்கு அந்தப் பக்கம், ஷெட் ஓரமாக நின்றிருந்தார். அண்ணனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். மூச்சு விட்டார்.

"கேனப் பாத்துதான ஊத்துனீங்க?"

"பாத்துதான். படிச்சி பாத்துதான் ஊத்துனேன். இதுக்குப் போயி மழைல வந்துக்கினு."

அக்கா கையில் இருந்த கேட் சீட்டை நீட்டினார். "இத்த படிங்க."

"இன்னாத்துக்கு?"

"படிங்களேன்."

வாங்கினார். கை தானாக நீண்டது. "பேரு, அன்னபுஷ்பம்," என்றார். "பாக்க வேண்டிய ஆளு, மரியஜோசப். ஈ.டி.பி." சரிதான். யார் வந்தாலும் அப்படித்தான் எழுதுவார்கள்.

"அதுக்குக் கீய? காரணம்?"

அண்ணன் விரல் சீட்டின் கடைசி வரியைத் தொட்டுக்கொண்டு நகர்ந்தது.

"வூட்டு விசயம். அவசரம்."

ஜன்னலுக்கு உள்ளே ஆறுமுகநயினார் தலையைத் தூக்கினார். அந்தச் சீட்டை எழுதியவர் அவர்தான்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "மாரி?"

அண்ணனும் என்னைப் பார்த்தார்.

"நீலக் கேனை ஆசிட் டேங்குக்குத் தூக்கிட்டாருக்கா," என்றேன். "ஊத்தல."

அக்கா பெட்டியை அண்ணன் கையில் வைத்தார். பிறகு ஜன்னலுக்குப் போனார். "அண்ணே, உள்ள இன்சார்ஜிக்கு போன் போடுங்க."

"என்ன தாயி சொல்ல?"

"ஈ.டி.பி.ல கீற ஆளுக்குக் கண்ணு தெரியல. எயுத்து தெரியல. வேற ஆள அனுப்பச் சொல்லுங்க."

"அன்னம்," என்றார் அண்ணன். "என் வேலைக்கு நீயே உல வெக்காத."

"போடுங்கண்ணே."

ஆறுமுகநயினார் அண்ணனைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். ரிசீவரை எடுத்து எண்ணை அழுத்தினார். உள்ளே எங்கோ மணி அடிப்பது ரிசீவரில் மெலிதாகக் கேட்டது.

அண்ணன் பெட்டியைத் திறந்தார். கண்ணாடியை மாட்டினார். ஓரத்தில் ஒட்டியிருந்த நம்பர் ஸ்டிக்கரைக்கூடப் பிய்க்கவில்லை. நீண்டிருந்த கை மெல்ல மடங்கி, முழங்கை விலாவோடு வந்து ஒட்டியது. சீட்டை மார்புக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, கோயிலில் படிக்கிற அதே குரலில் படித்தார்.

"பேரு, அன்னபுஷ்பம். பாக்க வேண்டிய ஆளு, மரியஜோசப். காரணம்..." கொஞ்சம் நின்றார். "காரணம், கண்ணாடி கொடுக்க."

"ஆங், சார்," என்றார் ஆறுமுகநயினார் போனில். "மெயின் கேட்டுலருந்து பேசுதேன். ஈ.டி.பி. ஜோசப்பு விசயமா ஒண்ணு சொல்லணும்."